எடிட்டிங் வகுப்போடு 'லைஃப்டைம் சாஃப்ட்வேர்' தருகிறோம் என்றால் சேராதீர்கள்

வீடியோ எடிட்டிங் கற்றுத்தருகிறோம், கூடவே அடோபி கம்பெனியின் எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் ப்ரோவுக்கு லைஃப்டைம் லைசென்ஸும் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்படி ஒரு வகுப்பால்தான் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோவில் ஒரு பகுதி போயே போய்விட்டது.

கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. வீடியோகிராஃபர் வைக்கவில்லை. அண்ணன், சித்தப்பா, அத்தை பெண் என்று ஆளுக்கொரு போனில் எடுத்தார்கள். கலசாபிஷேகம், அப்பா மறுபடி தாலி கட்டியது, பேரப்பிள்ளைகள் ஆசீர்வாதம் வாங்கியது எல்லாவற்றையும் நானே கோத்து ஒரு படமாக்கித் தர ஆசைப்பட்டுத் திருச்சியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கட்டணம் 6,500 ரூபாய், 'லைசென்ஸ்' என்று தனியாக 2,000. பில் கேட்டால் "கோர்ஸ் முடியும்போது தர்றோம் மேடம்" என்றார்கள். பணத்தை ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள்.

"ஒரிஜினல்தானே சார்?" என்று முதல் நாளே கேட்டேன். "மொத்தமா வாங்கி வச்சிருக்கோம் மேடம், பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. சுத்தப் பொய். அடோபி 2013இல் கிரியேட்டிவ் கிளவுட் என்ற சந்தா முறைக்கு மாறியதிலிருந்து பிரீமியர் ப்ரோவின் புதிய பதிப்புகளைச் சந்தாவாக மட்டுமே விற்கிறது. லைஃப்டைம் லைசென்ஸ் என்ற ஒன்றே கிடையாது. அப்புறம் தூரத்திலிருந்தே இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக என் லேப்டாப்புக்குள் வந்து, வைரஸைத் தடுக்கும் விண்டோஸ் டிஃபெண்டரை நிறுத்தி, நெட்டைத் துண்டிக்கச் சொல்லி இன்ஸ்டால் செய்ய வைத்தார்கள். டிஃபெண்டரைத் திரும்ப ஆன் செய்யக் கூடாதாம், சாஃப்ட்வேர் 'அழிந்துவிடுமாம்'. டிஃபெண்டரை நிறுத்தி நெட்டையும் துண்டிக்க யார் சொன்னாலும் அது கிராக் செய்த, அதாவது லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டு சாஃப்ட்வேர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வகுப்பில் ரெடிமேட் டெம்ப்ளேட்டில் போட்டோ மாற்றச் சொல்லிக்கொடுத்ததோடு சரி.

ஒருநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் எந்த வீடியோவும் ஓடவில்லை. எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் 490. கிராக் சாஃப்ட்வேரோடு பரவுவதற்கே பேர்போன 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் அது, ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். மையத்துக்கு போன் செய்தால் "உங்க நெட்ல இருந்து வந்திருக்கும்" என்றார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள்.

இதே நிலையில் யாராவது இருந்தால் கேளுங்கள், பணம் கட்டாதீர்கள், ஃபைல்களையும் அழிக்காதீர்கள். இந்த வகை வைரஸ் பெரிய ஃபைல்களின் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டுகிறது, மீதி அப்படியே இருக்கும். அதே போனில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், எம்பி4 ஃபைல்களைச் சரிசெய்ய இலவச டூல் இருக்கிறது. அத்தை பெண் தன் போனில் சும்மா வாசலை எடுத்து அனுப்பினாள். அதை வைத்துத் தாலி கட்டும் காட்சி சத்தத்தோடு திரும்பக் கிடைத்தது. சித்தப்பா பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டதால் அவர் எடுத்த அபிஷேகத்துக்கு மாதிரி கிடைக்கவில்லை. இன்னும் அந்த ஃபைல்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி வருகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறேன்.

எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், இதற்குப் பணமே தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே 4கே வரை வாட்டர்மார்க் இல்லாமல் எக்ஸ்போர்ட் செய்யும். லேப்டாப் அதைத் தாங்காது என்றால் ஷாட்கட், கேடென்லைவ் இருக்கின்றன. இரண்டும் ஓப்பன் சோர்ஸ். மீதிப் படத்தை ஷாட்கட்டில்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து சைபர் கிரைமில் புகார் பதிந்தாயிற்று. பில் இல்லாவிட்டாலும் ஜிபே விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதே மையத்தில் படித்தவர்கள் எழுதுங்கள், சேர்ந்தே மனு போடுவோம்.