ரயில் நிலையத்துக்குப் பக்கமா, புறவழிச்சாலைக்கு அப்பாலா? ஒன்பது ஆண்டுக்குப் பிறகு

புறநகரில் வீடு தேடியபோது கடைசியில் எஞ்சியது இரண்டு பகுதிகள். ஒன்று, ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய பழைய குடியிருப்பு. தெருக்கள் குறுகல், வீடுகள் நெருக்கம். இன்னொன்று, புறவழிச்சாலையைத் தாண்டிப் புதிதாகப் போட்ட லேஅவுட். அகலமான சாலை, அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு பெரிய வீடு. நாங்கள் பழையதை எடுத்தோம். கிட்டத்தட்ட அதே சமயத்தில் என் சகலை குடும்பம் புதிய லேஅவுட்டில் வாங்கியது. அதனால் இரண்டு இடத்தின் நல்லது கெட்டதும் எனக்குத் தெரியும்; போதாததற்கு அவரும் நானும் சந்தித்தால் பேச்சு இதில்தான் போய் முடியும்.

பெரிய வித்தியாசம் பயணத்தில்தான். சாலை ஒத்துழைக்கிற நாளில் அவர் காரில் போகிற நேரமும், நான் நடந்து ரயிலேறிப் போகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஒத்துழைக்காத நாளில் அவருக்கு இரண்டு மடங்கு ஆகிவிடும். எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், அவர் தினமும் மோசமான நாளை நினைத்தே கிளம்புகிறார். வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் “ஆபீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டுச் சராசரியைத் தெரிந்துகொள்கிறோம். கேட்க வேண்டியது, “மோசமான நாளில் எவ்வளவு ஆகும், அப்படிப்பட்ட நாள் வாரத்துக்கு எத்தனை?” என்பதுதான்.

ஒரு வழிக்கு 15 நிமிடம் கூடினாலே, ஆண்டுக்கு 220 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 110 மணி நேரம் போய்விடுகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃபிரேயும் ஜெர்மனியின் நீண்டகாலக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவரின் சிரமத்தை மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ ஈடுகட்டிவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் அப்படி ஈடாகவில்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் திருப்தி குறைவு என்றே மக்கள் சொல்லியிருந்தார்கள். சகலையும் இதையே சொல்வார், கொஞ்சம் காரமாக. பெரிய ஹால் ஆறு மாதத்தில் பழகிவிட்டதாம், சிக்னல் இன்னும் பழகவில்லையாம்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று விற்றவர் சொன்னது நடந்தது, உண்மையிலேயே நடந்தது. கொஞ்ச காலம் சுகமாக இருந்தது. அப்புறம் அந்த அகலத்தை நம்பி மேலும் லேஅவுட்டுகள் வந்தன, சாலை மறுபடி நிரம்பிவிட்டது. பீக் அவர் நெரிசல் சாலையின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறிவிடும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே எழுதிவிட்டார். ஆகவே, ‘வரப்போகிறது’ என்று யாராவது எதைச் சொன்னாலும் அதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். வந்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

சரி, எங்கள் பக்கத்துக் குறைக்கு வருகிறேன். ரயில் சத்தம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில் இரவு நேரச் சாலைச் சத்தம் 45 டெசிபலுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது, ரயிலுக்கு 44. அதனால் ரயில் சத்தத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் போதும் என்று நினைப்பதும் சரிவராது. தண்டவாளமும் சாலையும் நீளவாக்கில் சத்தம் எழுப்புவதால், தூரம் இரட்டிப்பானாலும் ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறையும்; காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றவே 10 டெசிபல் குறைய வேண்டும். தூரத்தைவிட இடையில் இருக்கும் கட்டடங்கள்தான் அதிகம் உதவும். எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருப்பதால் பயணிகள் ரயில் போவது தெரிவதே இல்லை. நள்ளிரவில் சரக்கு ரயில் போனால் மட்டும் அலமாரிக் கண்ணாடி லேசாக நடுங்கும். நாங்கள் எழுந்திருப்பதில்லை. விருந்தாளிகள் எழுந்துவிடுவார்கள்.

என்னைப் பொறுத்தவரை புதிய லேஅவுட் தோற்றது தண்ணீரில்தான். இரண்டாவது முறை பார்க்கப் போனபோது, வீட்டை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். தெருக்கோடியில் வரிசையாக நான்கைந்து வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில், முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் பெயின்ட் உப்பிப் பொரிந்திருந்தது. ஒரு வீட்டில் அப்படி இருந்தால் பெயின்டர் மேல் பழி போடலாம். எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது தண்ணீர் நின்ற மட்டம். கடைசியாகக் கட்டிய வீடுகளுக்கு வாசற்படியும் இரண்டு மூன்று கூடுதலாக இருந்தது. பழைய வீட்டுக்காரர்கள் பட்டதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்று சொல்லும்போது, நம் காலத்தில் வராது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அது ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவே. 20 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வருவதற்குச் சுமார் 18 சதவீதம், 30 ஆண்டில் சுமார் 26 சதவீதம். சுற்றிலும் மண்ணெல்லாம் சிமென்ட்டாக மாறினால் பழைய கணக்கும் செல்லாது. சகலையின் வீடு லேஅவுட்டின் மேட்டுப் பக்கம் இருப்பதால் உள்ளே தண்ணீர் வந்ததில்லை. ஆனால் பெருமழை நாளில் வெளியே வரவும் வழியில்லை, ஏனென்றால் நுழைவாயில் பள்ளத்தில் இருக்கிறது.

பழைய பகுதிக்காரர்கள் ரொம்பவும் பெருமைப்பட முடியாது. இங்கே கழிவுநீர்க் குழாய் தனி வீடுகளை நினைத்துப் போட்டது. இப்போது இரண்டு மனைக்கு ஓர் அடுக்குமாடி முளைக்கிறது, சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருகிறது. கார் நிறுத்துவதில் தினமும் ஒரு சண்டை. குழந்தைகள் தெருவில் சைக்கிள் பழக வழியில்லை. எங்கள் பையன் பெரியம்மா வீட்டு லேஅவுட்டில்தான் கற்றுக்கொண்டான்.

இதையெல்லாம் மீறி எங்கள் கணக்கைக் கலைத்தது வீட்டிலிருந்து வேலை. இப்போது நான் வாரத்தில் இரண்டு நாள்தான் அலுவலகம் போகிறேன். மற்ற நாட்களில் எனக்குப் படுக்கையறையில் மீட்டிங், மனைவிக்குச் சமையலறையில் மீட்டிங், பையனை ஹாலில் சத்தம் போடாதே என்று இரண்டு பேரும் மாறி மாறி அதட்டுகிறோம். சகலை வீட்டில் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது, கதவோடு. இருவரும் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிற குடும்பம் என்னிடம் கேட்டால், மேட்டுப் பக்கமாகப் பார்த்துப் புதிய லேஅவுட்டையே எடுங்கள் என்பேன். ஒருவராவது தினமும் போய்வர வேண்டும் என்றால் ரயில் நிலையப் பக்கம்தான், இடம் குறைந்தாலும் பரவாயில்லை.

நாங்கள் மாறப்போவதில்லை. மாடியில் ஓர் அறை எழுப்பினால் அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.