ஸ்டீயரிங் ரேக் மாற்றியதாகச் சொல்லி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

இன்று மதியம்தான் விஷயம் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய். கழற்றவே கழற்றாத ஒரு பொருளை மாற்றியதாகச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் கோளாறை நாமே எப்படிப் பார்ப்பது என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 2008 மாடல் டீசல் கார். அப்பா வாங்கியது. பெல்ட்டில் ஓடும் பம்ப், எண்ணெய் டப்பா, ஹோஸ், கீழே ரேக் (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) என்று எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங். கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வழிகள் எப்படி என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் மதில், எதிரே ஒரு ஆட்டோ வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். ஸ்டீயரிங் கனத்தால் அங்கே ஓட்டவே முடியாது. அம்மாவை மாதம் இரண்டு தடவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் இந்த வண்டியில்தான்.

மூன்று வாரம் முன்பு, காலையில் ஸ்டார்ட் செய்து திருப்பும்போது ஒரு முனகல் கேட்டது. திருப்பத் திருப்பக் கூடும், நேராக்கினால் குறையும். நின்ற இடத்தில் திருப்பினால் கனம், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் இலகு. வண்டி நிற்கும் இடத்தில் சிவப்பாக இரண்டு மூன்று சொட்டு எண்ணெய்.

மார்த்தாண்டம் பக்கம், எல்லா கம்பெனி வண்டிகளும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். லிஃப்ட், கம்ப்யூட்டர், ஏசி அறை எல்லாம் உண்டு. சூப்பர்வைசர் வண்டியை ஏற்றிவிட்டு, "சார், நீங்களே வந்து பாருங்க" என்று அடியில் கூப்பிட்டார். ரேக்கின் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை (பூட் என்பார்கள்) விரலால் தடவி, டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பு எண்ணெய்.

"ரேக் சீல் போயாச்சு சார். ரோட்டுல போகும்போது ஸ்டீயரிங் லாக் ஆனா என்ன செய்வீங்க? அம்மாவையும் வச்சுட்டு ஓட்டுதீங்க."

எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் அடைப்புதான் சீல். அம்மாவைப் பற்றி நான்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதையே எடுத்து என் மேல் போட்டார். எண்ணெய் போனால் ஸ்டீயரிங் கனக்கும், லாக் ஆகாது. ஸ்டீயரிங்கில் இருந்து சக்கரம் வரைக்கும் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

புது ரேக் என்றால் செலவு அதிகம், பழையதைச் சரிசெய்த ரீகண்டிஷன் ரேக் போட்டுத் தருகிறோம், ஆறு மாத வாரண்டி, கூலியோடு 18,500 என்றார். நான் யோசித்தேன். "கட்டாயம் ஒண்ணும் இல்ல சார், வேண்டாம்னா எடுத்துட்டுப் போங்க, செக் பண்ணினதுக்குக் காசு வேண்டாம்" என்றார். அங்கேதான் நம்பினேன். ஏமாற்றுகிறவன் போகச் சொல்வானா என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து சனிக்கிழமை சாயங்காலம் வண்டி தந்தார்கள். சத்தமே இல்லை, ஒரு விரலால் திருப்பலாம். பணத்தை அவர் சொன்ன ஒரு போன் நம்பருக்கு அனுப்பினேன், கடை கணக்கு இல்லை. பில் கேட்டதற்கு, சிஸ்டம் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை அனுப்புகிறோம் என்று 'ஸ்டீயரிங் வேலை 18,500' என எழுதிய ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். பழைய ரேக்? "எக்ஸ்சேஞ்சுல போயிட்டு சார்."

நாலாம் நாள் அதே முனகல். போன் செய்தேன். "புது ரேக் அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிரும்." ஒரு வாரம் பொறுத்தேன். அடுத்த தடவை, "நீங்க முழுசாத் திருப்பிப் பிடிச்சு வச்சிருப்பீங்க." அதற்கப்புறம், ஓனர் திருவனந்தபுரம் போயிருக்கிறார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போனால், ஆள் இல்லை, நாளைக்கு வாங்க. பில் இன்று வரை வரவில்லை.

சித்தப்பா சொல்லித்தான் இன்று காலை திங்கள்நகரில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் ஒரு சாக்கும்தான். முதலில் எண்ணெய் டப்பாவைத் திறந்தார். உள்ளே நுரை. "காத்து இழுக்குது மக்கா" என்றார். மண்ணெண்ணெய் துணியால் எல்லா இடத்தையும் துடைத்துக் காய விட்டார். இன்ஜினைப் போட்டு என்னைத் திருப்பச் சொன்னார். டப்பாவில் இருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸ் இறுகிப்போய், கிளிப் பக்கம் வெடித்திருந்தது. அதில் கசிந்த எண்ணெய்தான் வழிந்து ரேக் பூட் மேல் சொட்டியிருக்கிறது. அந்த ரப்பர் உறையின் கிளிப்பை எடுத்து உள்ளே காட்டினார். கிரீஸ் மட்டும்தான், எண்ணெய் இல்லை. சீல் போயிருந்தால் உள்ளேதான் எண்ணெய் நிற்கும்.

அப்புறம் என்னிடம் கேட்டார்: "ரேக் மாத்தினோம்னு ஆரு சொன்னா?"

ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துருவும் காய்ந்த மண்ணும் அப்படியே இருந்தன. எண்ணெய்க் குழாய் நட்டுகளிலும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனை நட்டுகளிலும் அதே. "ஸ்பானர் பட்டா இது இப்படியா இருக்கும்? இதையெல்லாம் கழட்டாம ரேக்க இறக்க முடியாது மக்கா. இறக்கி மாட்டினா வீல் அலைன்மென்ட் பண்ணணும், பண்ணினாவளா?" பண்ணவில்லை. கடல் காற்றில் நம் வண்டிகளுக்கு அடியில் ஏறும் துருதான் எனக்கு இன்று சாட்சி. எண்ணெயை நிரப்பி, கிளிப்பை முறுக்கி விட்டிருக்கிறார்கள். எண்ணெய் குறையும் வரை மூன்று நாள் நன்றாக ஓடியது. அதற்கு 18,500 ரூபாய்.

அவர் ஹோஸ், இரண்டு கிளிப், எண்ணெய் எல்லாம் புதிதாகப் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல் பல தடவை இரண்டு பக்கமும் திருப்பிக் காற்றை எடுத்தார். கூலியோடு 1,200 ரூபாய். சத்தம் போய்விட்டது.

நேராக ஒர்க்‌ஷாப் போனேன். சூப்பர்வைசர் லீவாம். அங்கே இருந்த பையன், "எந்த ரேக் சார்? பில் இருக்கா?" என்றான். சீட்டைக் காட்டினால், இது எஸ்டிமேட், பில் இல்லை என்கிறான். ஓனர் போனில் ஒரே பதில்: வெளியே ஒருவர் கை வைத்த பிறகு வாரண்டி கிடையாது. இல்லாத ரேக்குக்கு என்ன வாரண்டி?

நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். எண்ணெய் டப்பாவைத் திறந்து அளவையும் நுரையையும் பாருங்கள். கீச்சென்று கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள். கனமாக இருந்தால் டயர் காற்றையும் ஒரு தடவை பாருங்கள். ரேக் போச்சு என்று யாராவது சொன்னால், துடைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ரப்பர் உறைக்கு உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன்பே ரேக்கையும் போல்ட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய பொருளைக் கண்ணால் பார்க்காமல், பில் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

துரு பிடித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய விவரமும் துண்டுச் சீட்டும் இருக்கிறது. நாளைக் காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்கிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. போனது போகட்டும், வம்பு வேண்டாம் என்கிறாள் அம்மா. அவளுடைய மருந்துக்கு என்று சீட்டுக் கட்டிச் சேர்த்த 18,500 அது. விட மாட்டேன்.