வீடு ஸ்கைரிமில், குடும்பம் ஃபேபிள் 2-இல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். மாயாஜால உலகில் ஒரு பாத்திரமாக வாழ்ந்து பார்க்கும் ஃபேண்டசி ரோல்பிளே வீடியோ கேம்களில் இந்த இரண்டு பாடும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். ஸ்கைரிமில் வீடு கட்டுவதுதான் பாடு, கல்யாணம் சுலபம். ஃபேபிள் 2-இல் நேர்மாறு.

2011-இல் வந்த ஸ்கைரிமுக்கு மறுவருடம் ஹார்த்ஃபயர் என்ற கூடுதல் பகுதி வந்தது. மூன்று இடங்களில் மனை விற்கிறார்கள். ஒவ்வொன்றும் 5,000 பொன். வாங்கிவிட்டால் அங்கே ஒரு வரைபட மேசையும் தச்சு மேசையும் காத்திருக்கும். முதலில் சின்னதாக ஒரு வீடு, பிறகு பெரிய கூடம், அப்புறம் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டலாம். கிழக்கே சமையலறை போட்டால் நூலகமும் ஆயுத அறையும் அந்தப் பக்கம் கிடையாது. கல்லும் களிமண்ணும் மனைக்குப் பக்கத்திலேயே வெட்டிக்கொள்ளலாம், மரத்தை அறுவை மில்லில் வாங்கிக்கொள்ளலாம். ஆளைப் படுத்துவது ஆணிதான். ஓர் இரும்புக் கட்டியை அடித்தால் பத்து ஆணி தேறும். அலமாரி, கட்டில், மேசை எதைச் செய்யப் போனாலும் ஆணி கேட்கும். டிராகனை வீழ்த்திய மாவீரன் இரும்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறான்! காரியஸ்தர் ஒருவரை அமர்த்திப் பணத்தைக் கொடுத்தால் அறைச் சாமான்களை அவரே போட்டுவிடுவார். வேலை மிச்சம், ருசியும் போச்சு.

கல்யாணத்துக்கு இவ்வளவு இல்லை. ரிஃப்டன் நகரில், காதல் தெய்வமான மாராவின் கோயில் பூசாரியிடம் 200 பொன்னுக்கு ஒரு தாயத்து வாங்கி மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே உதவி செய்து வைத்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் போதும். மறுநாள் முகூர்த்தம். அதன்பின் தினம் ஒரு வேளைச் சாப்பாடு, கடை வருமானத்தில் 100 பொன் பங்கு. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காவிட்டாலும் கோபம் வராது. தத்தெடுக்கலாம், இரண்டு பிள்ளைகள் வரை. விண்ட்ஹெல்ம் தெருவில் பூ விற்கும் சோஃபியையும் கூட்டி வரலாம். அவர்களோடு கண்ணாமூச்சி விளையாடலாம், பொம்மை வாங்கித் தரலாம். ஆனால் பிள்ளைகள் வளர்வதே இல்லை. எனக்கு அவர்கள் வீட்டுச் சாமானின் கடைசி உருப்படியாகத்தான் தெரிந்தார்கள்.

2008-இல் வந்த ஃபேபிள் 2-இல் கட்டும் வேலையே கிடையாது. கதை நடக்கும் ஆல்பியன் நாட்டில் கண்ணில் படும் வீட்டையும் கடையையும் விலைக்கு வாங்கலாம், வாடகைக்கு விடலாம். கன்சோலை அணைத்து வைத்திருந்தாலும் வாடகை சேர்ந்துகொண்டே இருக்கும். வாடகையை ஏற்றினால் உங்கள் குணத்தில் கறை படியும் என்பது அழகான ஏற்பாடு. குடும்பம் இங்கே செலவு வைக்கும். வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும், நேரில் போய்த் தலைகாட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் விவாகரத்து வரை போகும். கதையின் முடிவைச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்: வில்லன் உங்கள் குடும்பத்தையே கொன்றுவிடுகிறான். கடைசியில் மூன்று வரங்களில் ஒன்று உங்களுக்கு: வில்லனின் ஸ்பயர் என்ற ராட்சதக் கோபுரத்தைக் கட்டிச் செத்த ஆயிரக்கணக்கானோரின் உயிர், குடும்பத்தின் உயிர், அல்லது பெரும் பணம். வாடகை வசூலித்துப் பழகிய கைக்கு மூன்றாவது துச்சம். முதல் இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டம். ஸ்கைரிம் மனைவிக்காக நான் இப்படித் தயங்கியிருப்பேனா, சந்தேகம்தான்.

இரண்டும் அளவாக வேண்டுமென்றால் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு இருக்கிறது. அங்கே கல்யாணத் தாயத்தே 5,000, அதையும் மழை நாளில் கடற்கரைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். வீட்டை ராபின் என்ற தச்சர் பெரிதாக்கித் தருவார். பிள்ளைகள் தவழ்ந்து நடக்கும் வயதோடு நின்றுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் வளரத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1992-இன் டிராகன் குவெஸ்ட் 5. நாயகன் எட்டு வருடம் கல்லாய்ச் சமைந்து கிடக்கிறான். அவனைத் தேடிக் கண்டுபிடித்து மீட்பவர்கள் அவனுடைய இரட்டைப் பிள்ளைகள்தான். அப்புறம் அப்பாவோடு சேர்ந்து சண்டைக்கும் வருகிறார்கள். அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது, அது வேறு விஷயம்.