ஜாகோரா, ரியாவா? ஆதிச்சநல்லூரைத் தோண்டிய இருவர்

நெல்லைச் சீமையில், பழங்கால இடுகாடான ஆதிச்சநல்லூரின் பேச்சு வந்தாலே, இறந்தோரைப் புதைத்த தாழிகளை பெர்லினுக்கு அள்ளிப்போன ஜாகோருக்குத் திட்டும், அலெக்சாண்டர் ரியாவுக்குப் பாராட்டும் விழும். அது முழுக்கச் சரியில்லை.

ஜாகோர் 1876இல் வந்த ஜெர்மானியர். கிடைத்ததைத் திரட்டி பெர்லின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். கொள்ளை என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் தாமிரபரணிக் கரையின் அந்தப் பரம்பை (மேட்டு நிலத்தை) உலகின் கண்ணுக்குக் காட்டியவரும் அவர்தான்.

ரியா இந்தியத் தொல்லியல் துறை அதிகாரி. 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், மண்டையோடுகள் என்று குவிந்தன. பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1915இல் பட்டியலாகவும் அச்சேறின. அந்தப் பட்டியல்தான் பெரிய வித்தியாசம். இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

அவரிடமும் குறை உண்டு. மண்ணடுக்கு வாரியாகத் தோண்டிப் பதியும் முறை பிரிட்டிஷ் தொல்லியலாளர் வீலர் காலத்தில், 1940களில்தான் இங்கே வேரூன்றியது. அதனால் ரியா எடுத்த பொருட்களின் காலத்தைக் கணிப்பது இன்றும் சிக்கல்தான். எழும்பூரும் எங்களூர்க்காரருக்குப் பக்கம் இல்லையே!

என் ஓட்டு ரியாவுக்கு, அந்தப் பட்டியலுக்காக மட்டும். 2004இல் மறுபடி தோண்டியபோதும் நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இருவரும் மிச்சம் வைத்ததே அவ்வளவு.