ஏற்காடு ஏற எந்த மின் மிதிவண்டி: ஹப் மோட்டாரா, மிட் டிரைவா?

மலைச் சைக்கிள் ஓட்டும் ஆசை அறுபதைத் தாண்டிய பிறகு வந்தால், முழங்காலை உத்தேசித்து மோட்டார் வைத்த வண்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் உள்ள ஹப் வகையை என் நண்பர் வைத்திருக்கிறார். பெடல் அச்சில் மோட்டார் பொருத்திய மிட் டிரைவை நான் வாங்கினேன். இருவரும் சேர்ந்தே ஓட்டுகிறோம் என்றாலும், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

விலையில் ஹப் வெகு மலிவு. மிட் டிரைவுக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். 250 வாட் திறனுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டிருக்கும் வரை, இரண்டுக்குமே பதிவெண்ணோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. சேலம் நகருக்குள்ளும் ஓமலூர் சாலையிலும் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியாது.

வேறுபாடு அடிவாரத்தைக் கடந்ததும் தொடங்குகிறது. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆளும் வண்டியுமாக 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே 285 வாட்-மணி ஆற்றல் செலவாகும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் முழுச் சார்ஜில் இருப்பதே 360 வாட்-மணிதான். சாலை உராய்வுக்கும் மோட்டாரில் ஏற்படும் இழப்புக்கும் மிச்சம் போதாது; ஆகவே எந்த மோட்டாரானாலும் நாமும் மிதித்தாக வேண்டும். மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை வெப்பமாக வீணடிக்கிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது.

ஹப் மோட்டார் சுழல்வது சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 190 சுற்றுக்கு மேல் சுற்றும் சக்கரம், ஏற்றத்தில் 8 கி.மீ.க்கு இறங்கும்போது 60 சுற்றை ஒட்டியே சுற்றுகிறது. நாம் கியரைக் குறைத்தால் நம் காலுக்கு எளிதாகுமே தவிர, மோட்டாருக்கு எந்த உதவியும் இல்லை. லாரியை டாப் கியரிலேயே மலையேற்றுவது போலத்தான் அது திணறுகிறது; இழுக்கும் மின்னோட்டம் கூடக் கூட, அதன் இருமடிப் பெருக்கத்துக்கேற்பச் சூடு ஏறுகிறது. வளைவொன்றில் நிறுத்தி நண்பரின் பின்சக்கரக் குடத்தைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. மிட் டிரைவின் விசையோ செயின் வழியாக, பின்பக்கப் பல்சக்கரங்களைக் கடந்தே சக்கரத்துக்குப் போகிறது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மோட்டாரும் நம் காலோடு சேர்ந்து தனக்கு உகந்த வேகத்தில் சுழல்கிறது. குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே, மூச்சு வாங்காமல் பேசியபடி மேலே போய்ச் சேர்வது இந்த வயதில் சாதாரணச் சுகமன்று.

சில்வர் ஓக் நிழலில் கிடக்கும் காப்பித் தோட்டத்துக் கல் பாதைகளிலும் (உரிமையாளரைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்) பின்பாரம் இல்லாததால் என் வண்டி துள்ளுவது குறைவு. பஞ்சர் ஆனாலும் சாதாரணச் சைக்கிளைப் போலவே பின்சக்கரம் கழன்று வந்துவிடும். நண்பர் ஸ்பேனரை எடுத்து, மோட்டார் வயரின் இணைப்பையும் பிரித்தாக வேண்டும்.

பராமரிப்பில் ஹப்புக்கே மதிப்பெண். மோட்டாரின் முழு விசையையும் செயினே தாங்குவதால் மிட் டிரைவில் செயினும் பல்சக்கரங்களும் சீக்கிரம் தேய்கின்றன. பாரத்தோடு கியர் மாற்றினால் இன்னும் சீக்கிரம். என் மோட்டாருக்கு உதிரிபாகம் வேண்டுமானால் வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். பேட்டரி எத்தனை ஆண்டு உழைக்கும், மறுவிற்பனையில் என்ன விலை போகும் என்றெல்லாம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் ஓட்டவில்லை.

இறங்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். மிட் டிரைவில் அது நடக்காது. உள்ளே பற்சக்கரம் வைத்த பெரும்பாலான ஹப் மோட்டார்களிலும் நடக்காது. இறக்கத்தின் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல்தான் விழுகிறது. ஆகவே எந்த வகையை வாங்கினாலும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு ஹப் வண்டியே போதும். மிட் டிரைவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு அங்கே வேலையில்லை.