புது டிஸ்க் என்று பணம் வாங்கி, பழையதையே கடைந்து மாட்டிய ஒர்க்‌ஷாப்

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று காரைக் கோத்தகிரியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். முதலாளி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "முன் டிஸ்க் ரெண்டும் பெண்டு சார், மாத்தியே ஆகணும்" என்றார். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு; பிரேக் மிதித்தால் பேடு என்னும் கட்டைகள் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றவில்லை, எதையும் அளக்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மறுநாள் மாலை பேடோடு சேர்த்து 7,800 ரூபாய். அலாய் வீல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். டிஸ்க் கண்ணாடியாக மின்னியது, அதன் நடுவே கிண்ணம் மாதிரி புடைத்த பகுதிகூட வெள்ளி நிறத்தில் பளபளத்தது. திருப்தியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டக் கோவைக்கு இறங்கினோம். குஞ்சப்பனை நெருங்கும்போது பழைய உதறல் திரும்ப ஆரம்பித்தது. இத்தனைக்கும் இரண்டாவது கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, ஒரு டீக்கடை ஓரம் எப்படியோ நிறுத்தினேன். புகையைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனுஷன். ஆனால் அவ்வளவு சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் விரிசல் விட்டுவிடும், அதனால் தடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். அம்மா இரண்டு டீ குடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஊர்ந்து ஊர்ந்து மேட்டுப்பாளையம் போய், தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். சக்கரத்தைக் கழற்றியதும் சாவியால் அந்த வெள்ளிக் கிண்ணத்தைச் சுரண்டினார். ஸ்ப்ரே பெயிண்ட்! அடியில் முழுக்கத் துரு. டிஸ்க்கின் இரண்டு தகட்டுக்கும் நடுவே காற்றுப் போகும் இடுக்கிலும் துரு செதிலாக நின்றது. "ஏனுங்க, இதைப் புதுசுன்னா குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்க்கிலேயே பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. மைக்ரோமீட்டர் வைத்தால் இடது 19.1, வலது 19.4.

பழைய டிஸ்க்கை லேத்தில் கடைவது, அதாவது மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவது, மோசடி இல்லை. கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேல் தடிமன் மிஞ்சினால் தாராளமாக ஓட்டலாம். ஆனால் மெலிந்த டிஸ்க்கில் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைவு. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு அது தெரியாமலே போகலாம். இங்கேயோ விடாத இறக்கம், ஆறவே நேரம் கிடைக்காது. போதாக்குறைக்கு, டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைத் துடைக்காமலே மாட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றினால் 0.15 மி.மீ. ஆட்டம். 0.05-ஐத் தாண்டினாலே யோசிக்க வேண்டும் என்றார் அவர். பிரேக் ஆயில் நாலு வருஷப் பழசு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். பெடல் பஞ்சானது அதனால்தான். அந்தத் தப்பு என்னுடையது.

அங்கே இரண்டு டிஸ்க், பேடு, ஆயில் எல்லாம் புதிதாகப் போட்டோம். பெட்டியை என் முன்னால்தான் பிரித்தார். புது டிஸ்க்கின் துருத்தடுப்பு எண்ணெயைத் துடைத்தார், ஹப்பைத் தேய்த்தார், மாட்டியபின் மறுபடி டயல் கேஜ் வைத்துக் காட்டினார். காலி ரோட்டில் ஐம்பதிலிருந்து பத்துக்கு நிதானமாகப் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பழக்கிவிட்டுத்தான் மலை ஏறச் சொன்னார்.

கோத்தகிரி முதலாளியிடம் போனேன். முதலில் "கம்பெனி அயிட்டம் சார்". சரி, பழைய டிஸ்க் எங்கே என்றேன். "இரும்புக் கடைக்குப் போயிடுச்சு". காரிலிருந்து இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். "பையன் மாத்தி மாட்டிட்டான் போல" என்றார். கையில் இருந்ததோ பார்ட் நம்பரும் இல்லாத, ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அதை வைத்து என்னத்தை நிரூபிப்பது? அரை மணி நேரம் பேசி 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டிஸ்க் இரண்டும் இப்போது எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் இருக்கின்றன. குரங்கால் தூக்க முடியவில்லை.