மார்பக இம்ப்ளான்ட் எடுத்தபின் வீட்டுக்கு ஆள் வைப்பது: சேலத்து ஹோம் கேர் சேவைகள் எப்படி?

சேலத்தில் ஹோம் கேர் என்று போன் போட்டால் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் அந்தச் சேவை முழுக்க பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பு எலும்பு முறிந்த பெரியவர்களையும் மனதில் வைத்து அமைந்தது. மார்பகத்துக்குள் வைத்திருந்த செயற்கைப் பையான இம்ப்ளான்டை ஆபரேஷனில் எடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் பெண்ணின் தேவை வேறு. அவரே நடப்பார், அவரே சாப்பிடுவார். கை தோளுக்கு மேலே போகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட ஆள் வந்தால் கொடுக்கிற காசு வீண் போகாது. புரியாத ஆள் வந்தால் உபத்திரவம்தான்.

காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. இம்ப்ளான்டையும் அதைச் சுற்றி உடம்பு கட்டிக்கொண்ட உறையையும் எடுத்த இடம் பை போல வெறுமையாக இருக்கும். அதில் நீர் கோத்துக்கொள்ளும். இம்ப்ளான்ட் மார்புத் தசைக்கு அடியில் இருந்திருந்தால், கையை ஊன்றும்போதெல்லாம் அந்தத் தசை இழுபடும்; உள்ளே ரத்தம் கசியலாம், தையலும் வலிக்கும். அதனால்தான் பல சர்ஜன்கள் உள்ளே சேரும் நீரை உறிஞ்சி வெளியே ஒரு பாட்டிலில் சேர்க்கும் டிரெயின் டியூப்பை பக்கத்துக்கு ஒன்று வைத்து, நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

எங்கள் கணிப்பில், வீட்டோடு தங்கும் 24 மணி நேர நர்ஸ் தேவையில்லை. ஊசி, டிரிப்ஸ் என்று எதுவும் இல்லாதபோது அது வீண் செலவு. பகல் 12 மணி நேர அட்டெண்டரை மட்டும் வைப்பதும் சரியில்லை. உள்ளே ரத்தக் கட்டு வந்தால் பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள்தான் வரும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது பக்கத்தில் ஆள் இல்லாத வீட்டில்தான் கை ஊன்றல் நடக்கிறது. ஆகவே முதல் மூன்று ராத்திரிக்கு ஒரு பெண் அட்டெண்டர், டியூப் எடுக்கும் வரை தினம் ஒரு வேளை வந்து பார்த்துப் போகும் பயிற்சி பெற்ற நர்ஸ், பகலில் வீட்டு வேலைக்குத் தெரிந்த அக்கா ஒருவர். இந்த ஏற்பாடுதான் கொடுத்த பணத்துக்குத் தகும். ஏஜென்சிகள் மாதக் கணக்கில்தான் முதலில் பேசுவார்கள். ஷிஃப்ட் கணக்கில் வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள்.

வந்த ஆள் சரியான ஆளா என்று தெரிய, டிரெயின் காலி செய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். நம் ஊரில் அதிகம் வைப்பது மடிப்பு மடிப்பாக அமுங்கும் பிளாஸ்டிக் பாட்டில். கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். டியூப்பில் உள்ள கிளிப்பை மூட வேண்டும். மூடியைத் திறந்து, அளவுக் கோடு போட்ட கப்பில் ஊற்ற வேண்டும். பாட்டிலில் அச்சடித்த கோட்டை நம்பக் கூடாது, சாய்ந்திருந்தால் தப்பாகக் காட்டும். பிறகு பாட்டிலை மேஜை மேல் வைத்து முழுக்க அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியை அடைக்க வேண்டும். கடைசியில் கிளிப்பைத் திறக்க வேண்டும். பலர் தவறுவது அமுக்கும் இடத்தில்தான். அமுக்காமல் மூடினால் உறிஞ்சும் வேகம் இருக்காது, பாட்டில் காலியாகவே நிற்கும், நீர் உள்ளேயே தங்கும். "இன்னைக்கு ஒண்ணுமே வரலைங்க அக்கா, நல்லா ஆயிடுச்சு" என்று அட்டெண்டர் சந்தோஷமாகச் சொன்னால், முதலில் பாட்டில் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியவுடன் பட்டென்று விரிந்துவிட்டால் எங்கேயோ காற்று புகுகிறது, நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டியூப்பில் கறுத்த கட்டி தெரிந்தால், தோல் பக்கத்தில் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் பாட்டில் பக்கம் வழித்துவிட வேண்டும். பிடிக்காமல் வழித்தால் தையல் இழுக்கும். இதை ஆஸ்பத்திரியிலேயே செய்து காட்டச் சொல்லிவிட்டு வருவது உத்தமம்.

பாட்டில்கள் மேல் பிளாஸ்திரி ஒட்டி "இ", "வ" என்று எழுதுங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்து எழுதிய கணக்கால் டாக்டருக்குப் பயனில்லை. ஒரு நோட்டில் நேரம், மி.லி., நிறம். முதல் நாள் அடர் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் மஞ்சள் என்று மாற வேண்டும். ஒரு டியூப்பில் 24 மணி நேரத்துக்கு 20 முதல் 30 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுப்பதுதான் பொதுவான வழக்கம். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஆபரேஷன் செய்துகொண்டு சேலம் திரும்பியவர்களுக்கு இந்த நோட்டுதான் உயிர். தினமும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து சர்ஜனுக்கு அனுப்பலாம்.

அடுத்த சோதனை, படுக்கையிலிருந்து எழுப்புவது. பாசத்தில் கையைப் பிடித்து இழுப்பார்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். இரண்டும் தப்பு. தலைப்பக்கம் தலையணை அடுக்கி 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். எழும்போது காலை முதலில் கட்டிலுக்குக் கீழே இறக்கி, அட்டெண்டர் ஒரு கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவில் முதுகில் வைத்துத் தள்ள வேண்டும். பாட்டில்கள் நைட்டியில் பின் குத்தி நிற்கின்றனவா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுப்பது, இந்தியன் டாய்லெட் இரண்டும் இந்த நாட்களில் ஆகாது. சுவரைப் பிடித்துத்தான் எழ வேண்டியிருக்கும். கம்மோடு நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

உடை விஷயத்தில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, முன்பக்கம் கொக்கி வைத்த அழுத்த பிரா, அதுவும் இரண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் ஒன்றை நாள் முழுக்கப் போட்டால் அடிமடிப்பில் வேர்த்துப் புண்ணாகும். பவுடர் போடாதீர்கள், மெல்லிய பருத்தித் துணி வைத்தால் போதும். குளியலுக்கு டாக்டர் அனுமதிக்கும் வரை இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீர், மேலே ஈரத்துணி. தலை சீவுவது, பின்னுவது எல்லாம் அட்டெண்டர் வேலை. ஏஜென்சியிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "அது எங்க வேலை இல்லைங்க" என்று பதில் வரும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. புண் ஆற புரதம் வேண்டும், நிறுத்த விடாதீர்கள். டிராமடால் கலந்த வலி மாத்திரை மலச்சிக்கல் தரும். கீரை, பப்பாளி, நிறைய தண்ணீர், டாக்டர் எழுதிய மலமிளக்கி. காய்ச்சல் பார்ப்பது பாராசிட்டமால் போடுவதற்கு முன்னால், போட்ட பின் அல்ல.

ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால், பாட்டில் புது ரத்தத்தால் மளமளவென்று நிறைந்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், சீழோ பரவும் சிவப்போ தெரிந்தால், உடனே சர்ஜனுக்குப் போன். மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கத்துடன் வலி என்றால் 108. இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி ஆள் அதைப் படித்துவிட்டுத்தான் ஷிஃப்ட்டை ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஏஜென்சியிடம் கறாராகப் பேச வேண்டும். சேலத்து அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளைப் போல வீடுகள் நெருங்கிய தெருக்களில் "என்ன ஆபரேஷன்?" என்ற கேள்வி அட்டெண்டரிடம்தான் முதலில் வரும். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். போட்டோ எடுப்பதும் வெளியில் பேசுவதும் கூடாது என்று பேசிக்கொண்ட ஏஜென்சியைத்தான் வீட்டுக்குள் விட வேண்டும். லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், அட்வான்ஸ் திரும்புமா, சாப்பாடு யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்காட்டில் குளுகுளுவென்று ஓய்வெடுக்கலாம் என்று நினைப்பவர்கள் டியூப் எடுக்கும் வரை மலையேற வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவிலும் உடம்பு சாயும்போது கை தானாகக் கம்பியைப் பிடிக்கும். ரத்தக் கட்டு என்றால் ராத்திரியில் அதே வளைவுகளில் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். வீடே ஏற்காட்டில் என்றால் அதுவரை சேலத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். பிறகு காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் மடித்த டவல் வையுங்கள்.

டியூப் எடுத்த துளையில் ஓரிரு நாள் நீர் கசியும்; காஸ் துணி வைத்து மாற்றினால் போதும். அதற்குப் பிறகு நர்ஸ் வர வேண்டாம், பகல் அக்கா மட்டும் தொடரட்டும். தண்ணீர் வரும் நாளில் 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோ. கைக்குழந்தையைத் தூக்கி மடியில் வைப்பதற்கும் ஆள் வேண்டும். கிரைண்டர் கல், மேல் அலமாரிப் பாத்திரம், துணி உலர்த்தும் கொடி இவையெல்லாம் ஆறாவது வாரம் சர்ஜன் பார்த்துச் சொல்லும் வரை அந்த அக்கா கையிலேயே இருக்கட்டும்.